ஆட்டவிதியும் வரலாற்றுவிதியும்: ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டுத் தொடர் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே பெரிதும் வளரவில்லை. கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு, தாயம், நாயும் புலியும் முதலியன நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகளிற் சேர்க்கப்படுவதுண்டு. ஆயினும் அவை எவ்வாறு ஆடப்படுகின்றன என்று விவரிப்பதோடு தொகுப்பாளர் பெரும்பாலும் அமைந்துவிடுவர். அவ்விதிகள் எத்தகைய உலகத்தைக் கற்பித்துக்கொள்கின்றன என்ற வினா அரிதாகவே எழுகின்றது. கணினி விளையாட்டைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொருள் என்பதற்கு மேல் அதனைப் பற்றி நாம் பேசுவதில்லை. உலகெங்கும் பல இலட்சம் இளைஞர் தமது வரலாற்றறிவின் ஒரு பகுதியை அதனூடாகவே பெற்றுக்கொள்ளும் இக்காலத்தில், இம்மௌனம் விமரிசகரின் பொறுப்பின்மையையே காட்டுகின்றது.

‘சிவிலைசேஷன்’ (நாகரிகம்) என்னும் தொடரின் முதலாவது ஆட்டம் 1991இல் ஐக்கிய அமெரிக்காவில் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. சிட் மெயர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவர் அதனை ஆக்கினர். அதே பெயரில், பிரான்சிஸ் திரெஷாம் என்னும் ஆங்கிலேயர் 1980இல் ஆக்கிய பலகை ஆட்டமொன்று அதற்கு முன்னரே இருந்தது. 1996, 2001, 2005, 2010, 2016, 2025 ஆகிய ஆண்டுகளில் கணினித் தொடரின் அடுத்த ஆறு ஆட்டங்கள் வெளிவந்தன. இது முறைவழி ஆட்டம். சதுரங்கத்திற் போல ஒருவர் தமது முறையை முடித்த பின்னரே காலம் நகரும். கைவிரைவுக்கு இங்கு வேலையில்லை. யோசிப்பவருக்காக ஆட்டம் காத்திருக்கும். கி.மு. 4000 அளவில் ஒரு குடியேற்றக் குழுவுடன் தொடங்கி, நகரங்களை நிறுவி, எழுத்து, சில்லு, இரும்பு என ஒவ்வொன்றாகக் கைக்கொண்டு, அயலவரோடு வணிகமோ போரோ நிகழ்த்தி, இருபதாம் நூற்றாண்டையும் சில வேளை விண்வெளியையும் எட்டுவதே அதன் போக்கு.

முதலாட்டம் வெளிவந்த 1991இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. 1990இல் நின்றது, பல ஆண்டுகள் திரும்பி வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கிற் படித்த அத்தலைமுறை இவ்வாட்டத்தை அறிய வழியேதும் இருந்ததில்லை. எம்மிற் பலர் இதனைப் பிற்பட்ட பதிப்புகளிலேயே சந்தித்தோம். இக்கட்டுரையாளன் உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்த வீடொன்றில், ஐந்தாவது முதல் ஏழாவது வரையிலான ஆட்டங்களை ஆடியவன். வென்றதிலும் தோற்றதே அதிகம். கீழே கூறப்படுவனவற்றிற் பல தோல்வியின் வாயிலாக அறியப்பட்டவை.

இவ்வகை ஆட்டங்களுக்கு அலன் எம்ரிச் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993இல் நான்கு வினைச்சொற்களால் இலக்கணம் வகுத்தார். தேடுதல், விரிதல், சுரண்டுதல், அழித்தொழித்தல் என அவற்றைத் தமிழிற் கூறலாம். மூன்றாவது சொல்லை மொழிபெயர்க்கும்போது ஒரு தயக்கம் எழுவது இயல்பே. நிலத்தைப் ‘பயன்கொள்ளல்’ என்றும் அதனைக் கூறிவிடலாம். மூலச்சொல் இரு பொருளையும் ஒருங்கே தாங்குவது. தமிழோ எந்தப் பக்கம் நிற்கின்றாய் என்று மொழிபெயர்ப்பாளனைக் கேட்கின்றது. ஆட்டத்தை ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் ‘சுரண்டுதல்’ என்பதையே தெரிந்துகொண்டேன்.

இத்தொடரில் எமது தீவும் எமது மொழியினரும் எவ்வாறு இடம்பெற்றனர் என்பதை முதலில் நோக்கலாம். ஐந்தாவது ஆட்டத்தில் கொழும்பு ஒரு நகர அரசாக வருகின்றது. அதன் விரிவுப் பதிப்பொன்றிற் சிவனொளிபாதமலை இயற்கை அற்புதங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆறாவதில் கண்டி நகர அரசாயிற்று. நகர அரசு என்பது தானாக வெல்ல இயலாத சிறு அரசு. பேரரசுகள் தூதுவரை அனுப்பி அதனைத் தம் பக்கம் இழுத்து, அது தரும் நன்மையைப் பெற்றுக்கொள்வதற்காகவே படைக்கப்பட்டது. 1815 வரை ஐரோப்பியருக்குப் பணியாதிருந்த இராச்சியம் இங்குப் பிறருக்குப் புனிதச் சின்னம் வழங்கும் நிலையமாகிவிட்டது. ஆறாவது ஆட்டத்தில் இராசேந்திர சோழன் கடற்படைத் தலைவர் வரிசையில் ஒரு பெயராக நின்றான். 2025 பெப்ரவரியில் வெளிவந்த ஏழாவது ஆட்டத்திலேயே சோழர் ஆடுதற்குரிய தனி நாகரிகமாயினர். கலம் என்னும் மரக்கலம், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் கட்டடங்கள், தஞ்சைப் பெருங்கோயில் ஆகியன அவர்க்கு உரியனவாக அமைந்தன.

இச்செய்தி எம் இளைஞரிடையே உண்டாக்கிய மகிழ்ச்சியை நான் நேரிற் கண்டேன்; அதிற் பங்குகொள்ளவில்லை என்று கூறினால் அது பொய்யாகும். திரையில் ‘மணிக்கிராமம்’ என்ற பெயரைக் காணும்போது எவருக்கும் ஒரு கணம் நெஞ்சு நிமிரும். ஆயினும் விமரிசனம் பெயரோடு நின்றுவிடலாகாது. பெயர் எந்த விதியினுள் வந்து அமர்ந்திருக்கின்றது என்பதே எமது வினா.

ஏழாவது ஆட்டம் வெளிவந்தபோது ஆடுபவர் ஒவ்வொரு யுகத்திலும் வேறொரு நாகரிகத்துக்கு மாறவேண்டியிருந்தது. மௌரியரை ஆடியவருக்குச் சோழரும், சோழரை ஆடியவருக்கு முகலாயரும் வரலாற்று வழியிற் கிடைப்பர். இவ்வரிசையை வகுத்தவர் அசோகனின் கல்வெட்டுகளைச் சற்றுப் படித்திருக்கலாம். அவனுடைய இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கட்டளைகள் சோழரையும் பாண்டியரையும் தாம்பிரபரணியையும் அவனது ஆட்சிக்குப் புறம்பான எல்லை நாடுகளாகவே குறிப்பிடுகின்றன. சோழப் பேரரசு மறைந்தது 13ஆம் நூற்றாண்டில். பாபர் தில்லியைக் கைப்பற்றியது 1526இல். இந்தியா என்ற இன்றைய அரசின் எல்லைக்கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அதனுள் அடங்கிய அனைத்தையும் ஒரே உயிரின் பருவங்களாகக் காணும் நோக்கே இவ்வரிசையிற் செயற்படுகின்றது.

வணிகக் குழுக்களின் செய்தி இதனினும் சுவையானது. ஆட்டத்தில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் அரசன் தன் நகரிற் கட்டும் கட்டடங்கள். இரண்டும் ஒரே வட்டாரத்தில் அமைந்தால் அது ஐந்நூற்றுவர் வட்டாரமாகும். வரலாற்றில் அவை கட்டடங்களல்ல; எந்த ஒரு அரசனுக்கும் உரியனவுமல்ல. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு இவ்விரு குழுக்களையும் சேர நாட்டிற் காட்டுகின்றது. அதே நூற்றாண்டில் மணிக்கிராமத்தார் தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒரு குளத்தோடு தொடர்புற்று நின்றதைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறும். பிற்கால வணிகரின் தடத்தை ஈழத்திலும் காணலாம். பொலனறுவையிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டு, சோழராட்சி இத்தீவில் முடிந்து பல ஆண்டுகளின் பின்னர், தந்ததாதுக் கோயிலின் காவலை ஏற்ற படையினரோடு வலஞ்சியரையும் நகரத்தாரையும் சேர்த்துச் சொல்கின்றது. அரசுகள் வந்து போயின. வணிகக் குழுக்கள் அவற்றைக் கடந்து நின்றன. எல்லைகளையும் மதங்களையும் ஊடறுத்துச் சென்ற ஒரு சமூக நிறுவனத்தை அரசனின் சொத்தாக்கிவிடுவது ஆட்டத்தின் சிறு தவறு என்று விட்டுவிடத்தக்கதன்று. அவ்வாறு ஆக்காவிட்டால் ஆட்டமே இயங்காது.

ஏனெனின் ஆட்டம் ஒரேயொரு சித்தத்தையே அறியும். அதுதான் ஆடுபவரின் சித்தம். எந்த வயலை எவர் உழுவது, எந்தக் கோயில் எப்போது எழுவது, எந்தப் படை எங்குச் செல்வது யாவும் ஒரு தலையிலிருந்து பிறக்கின்றன. நீலகண்ட சாஸ்திரியார் 1930களிற் சோழர் வரலாற்றை எழுதியபோது வலிமைமிக்க மத்திய ஆட்சியொன்றையே பெரிதும் கண்டார். பேர்ட்டன் ஸ்ரைன் 1980இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்து, அதிகாரம் நாடுகளிற் சிதறிக் கிடந்தது என வாதிட்டார். கரஷிமா முதலியோர் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு ஸ்ரைனையும் திருத்தினர். இவ்விவாதத்தில் எவர் பக்கம் நின்றாலும், ஊர், சபை, நாடு, நகரம் என்னும் அவைகள் இருந்தன என்பதையும், அவை நிலத்தையும் நீரையும் வரியையும் பற்றித் தாமே முடிவெடுத்தன என்பதையும் எவரும் மறுப்பதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆளெடுத்த முறையை விரிவாகத் தருகின்றன. நிலமும் கல்வியும் உடைய பிராமணர்க்கே அதில் இடம் இருந்தது என்பதையும் மறைக்காமலே தருகின்றன. இத்தகைய அவைகளையோ அவற்றுள் நிகழ்ந்த வர்க்க, சாதி முரண்பாடுகளையோ ஆட்டத்திற் காணவியலாது. மக்கள் மகிழ்ச்சியாய் உள்ளனரா, இல்லையா என்பதற்கு ஒரு எண் உண்டு. அவ்வளவே.

பெருங்கோயிலையும் இவ்வாறே நோக்கவேண்டும். ஆட்டத்தில் அது ஒரு நகரத்தின் உற்பத்திப் புள்ளிகளால் எழுகின்றது. தஞ்சைக் கோயிற் சுவரில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளோ அக்கோயில் எவருடைய உழைப்பில் வாழ்ந்தது என்பதற்கு ஊர் ஊராகக் கணக்குத் தருகின்றன. அவற்றுள் ஈழத்து ஊர்களும் உள. 993 அளவில் அநுராதபுரம் வீழ்ந்த பின்னர் இத்தீவின் வடபகுதி மும்முடிச் சோழமண்டலமாயிற்று, பொலனறுவை ஜனநாதமங்கலமாயிற்று, இங்கு விளைந்ததின் ஒரு பகுதி கடல் கடந்து தஞ்சைக்குச் சென்றது. ஈழத்துத் தமிழன் ஒருவன் சோழனாக ஆடும்போது தான் திறை கொண்டவன் பக்கம் நிற்கின்றானா, கொடுத்தவன் பக்கம் நிற்கின்றானா என்ற வினாவை ஆட்டம் எழுப்பாது, நாமேனும் எழுப்பலாம்.

இவ்வகையான குறையைச் சுட்டியவருள் நாம் முதல்வர் அல்லர். 2018இல் ஆறாவது ஆட்டத்தின் விரிவுப் பதிப்பில் கனடாவின் கிரீ மக்களும் அவர்தம் 19ஆம் நூற்றாண்டுத் தலைவர் பவுண்ட்மேக்கரும் சேர்க்கப்பட்டபோது, அம்மக்களின் தலைவர்களுள் ஒருவரான மில்ற்றன் ரூற்றூசிஸ் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பிறரை வென்று நிலம் பறிக்கும் குடியேற்றவாதியின் விழுமியங்களே தம் மக்களுக்கும் இருந்தன என்னும் பொய்யை இது நிலைநிறுத்துகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். பறிகொடுத்தவரைப் பறிப்பவராக ஆடவைப்பது மதிப்பளித்தலாகாது என்ற அவ்வாதம் எமது மகிழ்ச்சிக்கும் ஒரு எச்சரிக்கையே.

இனி, இத்தொடரின் கடினம் பற்றிக் கூறவேண்டும். இவ்வாட்டங்கள் கடினமானவை என்பதே இவற்றின் பெரும்புகழ். ஏழாவது ஆட்டத்தில் ஆறு படிகள் உள. கீழ்ப்படி எழுதுவினைஞர், அதன்மேல் தேசாதிபதி, அதன்மேல் இராசப்பிரதிநிதி, பின்னர் இறைமையாளர், அமரர், தெய்வம். எழுதுவினைஞராய்த் தொடங்கித் தேசாதிபதியை அண்ணாந்து பார்த்திருந்த யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் கனவை எவரோ அறியாமலே வரிசைப்படுத்திவிட்டனர் போலும்.

தெய்வம் என்னும் படியில் நான் ஆறாவது ஆட்டத்தை ஆடத் தொடங்கிய காலத்தில், எதிரி என்னிலும் நன்றாகச் சிந்திக்கின்றான் என்றே நம்பினேன். முப்பதாவது முறைக்குள் அவனுக்கு நான்கு நகரங்கள், எனக்கு ஒன்றரை. எல்லையில் அவனுடைய படை வந்து நிற்கும். என் தலைநகரில் ஒரு கவண்காரன் நிற்பான். பல இரவுகள் எனது மதியீனத்தையே நொந்துகொண்டேன். பின்னர் விதிகளைப் படித்தபோது உண்மை விளங்கிற்று. கணினியின் அறிவு எல்லாப் படியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். தெய்வப் படியில் அது தொடங்கும்போது அதற்கு மூன்று குடியேற்றக் குழுக்கள், ஆடுபவர்க்கு ஒன்று. அதன் உற்பத்தியும் பொன்னும் நூற்றுக்கு 80 வீதம் மிகை. அறிவும் பண்பாடும் நூற்றுக்கு 32 வீதம் மிகை. போரில் ஒவ்வொரு மோதலிலும் நான்கு புள்ளி மேலதிகம். உண்மையில் அது படை நடத்தத் தெரியாத எதிரி. ஒரு குன்றும் ஓர் ஆறும் இடையில் இருந்தால் தன் வீரரைக் குழப்பி நிறுத்திவிடும். ஆயினும் அது வெல்கின்றது. தொடக்க மூலதனம் வெல்ல வைக்கின்றது.

இத்தொடர் தான் அறியாமலே கூறிய பேருண்மை இதுவென்று கருதுகின்றேன். முன்னேறிய நாடுகளின் முன்னேற்றத்துக்கு அவற்றின் அறிவும் ஒழுக்கமுமே காரணம் என்று பாடநூல்கள் கூறிவந்தன; ஆட்டத்தின் ஏனைய விதிகளும் அதையே கூறுகின்றன. கடினத்தை உண்டாக்க வேண்டி வந்தபோது மட்டும் ஆக்கியோர் ஏற்றத்தாழ்வை நேரடியாகவே விதியில் எழுதவேண்டியதாயிற்று. எமது நாயும் புலியும் ஆட்டத்திலும் இரு தரப்பும் சமமல்ல. ஆயின் அச்சமமின்மை பலகையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். புலியைப் புலி என்றே அழைப்பர். அடுத்த ஆட்டத்திற் புலிக்காரர் நாயை எடுத்து ஆடுவார். எண்ணிக்கையில் மிக்க எளியவை ஒன்றுசேர்ந்து வலியதை அடைப்பதே அங்கு வெற்றி. ‘சிவிலைசேஷ’னில் ஏற்றத்தாழ்வு கணக்குப் புத்தகத்தினுள் மறைந்து கிடக்க, வெளியே அது எதிரியின் திறமை போலத் தோன்றுகின்றது. அதனை வெல்ல நான் கண்ட வழியும் பெருமைக்குரியதன்று: அயலிலுள்ள எளியவனைத் தொடக்கத்திலேயே தாக்கி, அவன் நகரங்களைப் பறித்து, அவ்விழப்பின் மேல் என் மூலதனத்தைச் சேர்ப்பது. தெய்வப் படியில் முதன்முறை நான் வென்றது அவ்வாறுதான்.

அந்நகரங்களைப் பறித்தபோது கவனித்த ஒன்று உண்டு. நகரொன்று கைமாறும் கணத்தில் அதன் குடித்தொகை எண் குறையும். எட்டு, ஆறாகும். குறைந்த இரண்டும் எங்குச் சென்றன என்பதற்கு ஆறாவது ஆட்டத்தில் விடையில்லை. அவர்கள் வேறொரு நகருக்கு வந்து சேர்வதில்லை, வீதியில் நடப்பதில்லை, மரத்தடியிற் சமைப்பதில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது உரும்பிராயும் அவ்வாறே வெறுமையாயிற்று. அவ்விரவில் மழையில் நடந்தவர் எவரும் ஆட்டத்தின் இச்சிறு எண்மாற்றத்தை என்னோடு சேர்ந்து பார்த்தால் என்ன கூறுவார் என்று பலமுறை எண்ணியதுண்டு. இது வன்முறையைக் காட்டுவதால் வரும் குற்றமன்று. இத்தொடரில் இரத்தம் பெரிதாகத் தெறிப்பதில்லை. பெற்றோர் தடைசெய்ய விரும்பும் ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது சாதுவானது. ஆயின் அழிவைக் கணக்காக மட்டும் பழக்குவதில் அச்சாதுத்தன்மைக்கும் பங்குண்டு.

விதிகள் ஆழமான சிந்தனையைத் தாங்கமாட்டா என்று இதனாற் கொள்ளலாகாது. 2019 பெப்ரவரியில் வந்த ஆறாவது ஆட்டத்தின் விரிவுப் பதிப்பு இதற்கு நற்சான்று. அதில் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பவர் எவராயினும் உலகின் வெப்பம் உயரும், கடல்மட்டம் ஏறும், தாழ்ந்த கரையோர நிலங்கள் முதலில் வெள்ளத்திலும் பின்னர் நீரிலும் மூழ்கும். ஒரு துண்டு நிலக்கரியும் எரிக்காத சிறு நாடு, பேரரசு எரித்ததற்காகத் தன் வயலை இழப்பதை அங்குக் கண்டேன். கடற்றடுப்புக் கட்டும் வசதியும் எரித்தவனிடமே முதலில் வந்து சேர்கின்றது. பிரசங்கம் ஏதுமின்றி, விதியின் இயக்கத்தாலேயே ஓர் அரசியல் உண்மை இங்குப் புலனாகின்றது. தீவுப்பகுதியையும் வடமராட்சிக் கரையையும் அறிந்தவர்க்கு இது புறத்தே நிற்கும் செய்தியாகாது. இத்தொடரில் நான் மனமாரப் பாராட்டும் பகுதி இதுவே.

நீரைப் பற்றிய மற்றோர் விதியோடு இதனை முடிக்கலாம். ஆறாவது ஆட்டத்தில் நன்னீர் என்பது ஆறு, ஏரி, பாலைச்சுனை ஆகியவற்றால் கிடைப்பது. நன்னீர் உள்ள இடத்தில் நகர் நிறுவினால் ஐந்து குடியிருப்புப் புள்ளி, கடற்கரையில் மூன்று, இரண்டும் இல்லாவிடின் இரண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. எனவே ஆட்டத்தின் கணக்கில் உரும்பிராய் குடியேறத் தகாத நிலம். கணினி எவரையும் இங்கு அனுப்பாது. ஆயின் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து கிணறு தோண்டி, துலா மிதித்து இறைத்து, செம்மண்ணிற் புகையிலையும் மரக்கறியும் வாழையும் திராட்சையும் விளைவித்த ஊர் இது. அத்துலாவில் ஏறி நின்றவர் எவர், வாய்க்காலில் நீர் மாறியவர் எவர், காணி எவருக்கு உரியது, எந்தக் கிணற்றில் எவர் அள்ளக்கூடாது என்பன இவ்வூரின் சமூக வரலாற்றையே சொல்லும். இந்திய நாகரிகத்துக்கு மட்டும் படிக்கிணறு என்னும் தனிச்சலுகை ஆட்டத்தில் உண்டு. சாதாரண உழவனின் கிணறு எந்த நாகரிகத்துக்கும் இல்லை.

ஆட்டத்தின் விதிகள் எழுத்துக் கோப்புகளாகவே உள்ளன; ஆடுவோர் அவற்றைத் திருத்தியமைக்கலாம். எனது அயலிலுள்ள மாணவர் ஒருவர் கிணறு என்ற புதிய அமைப்பொன்றை எழுதிச் சேர்க்க முயன்று வருகின்றார். உணவு ஒன்று, குடியிருப்பு ஒன்று என்பதை ஒரு மாலையில் எழுதி முடித்துவிட்டார். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அக்கிணறு மட்டுமன்றி அயற்கிணறும் உவராகும் என்பதை எழுதுவதிலேதான் சிக்கல். ஒருவர் இறைப்பது மற்றவர் நீரைக் கெடுக்கும் என்பதற்கு ஆட்டத்தின் நிலவிதிகளில் இடம் காணவில்லை என்கின்றார். 2019ஆம் ஆண்டுப் பதிப்பின் கடலேற்ற விதியை அதற்கு மாதிரியாகக் கொள்ளலாமா என்று இருவரும் இப்போது பார்த்து வருகின்றோம்.